பொய்ப் பூச்சியும் மெய்யான ஓடையும்

அக்கரப்பத்தனைப் பகுதித் தோட்டமொன்றில், லயத்து வாசலில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் பழைய பிஸ்கட் தகரம் ஒன்றைத் திறந்து காட்டினார். எண்பது வயதைக் கடந்தவர். தகரத்தினுள்ளே துருவேறிய தூண்டில் முட்கள் சில கிடந்தன. ஒவ்வொரு முள்ளிலும் நூலும் கம்பளி இழையும் சேவல் இறகும் சுற்றிக் கட்டப்பட்டிருந்தன. சற்று எட்ட வைத்துப் பார்த்தபோது ஒன்று ஈயாகவும், ஒன்று கட்டெறும்பாகவும், இன்னொன்று நீர்ப்புழுவாகவும் தோன்றின.

"தொரைக்குக் கட்டிக் குடுத்தது போக மிஞ்சினது, சாமி" என்றார்.

1950களில் சிறுவனாக இருந்தபோது, துரை டிரவுட் மீன் பிடிக்கப் போகும் நாட்களில் அவருடைய தடியையும் கூடையையும் சுமந்து சென்றவர் இவர். சீமையிலிருந்து வந்த பூச்சிகள் துரையின் பெட்டியில் வரிசை வரிசையாக இருந்தனவாம்.

"பெட்டி நெறைய பூச்சி, சாமி. ஒண்ணு மாத்தி ஒண்ணு போடுவாரு. மீனு ஏறெடுத்தும் பாக்காது. நான் தண்ணியில கெடக்குற கல்லப் பொரட்டிப் பாப்பேன். அடியில என்ன புழு ஒட்டியிருக்கோ, அதே மாதிரி வீட்டுல கட்டிக் கொண்டாந்து குடுப்பேன். அப்புறந்தான் மீனு எடுத்திச்சு."

"அதற்குத் துரை என்ன தந்தார், தாத்தா?" என்று கேட்டேன்.

"பாணும் டின் மீனும் குடுப்பாரு" என்று சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத அந்தச் சிறுவன் செய்தது ஓர் ஆராய்ச்சி என்று அன்று எவரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவன் கற்ற பாடம் இன்று நம் தோட்டங்களுக்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்பதை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைக்கு வந்த மீன்

டிரவுட் நம் நாட்டு மீனன்று, குளிர்நாட்டு ஆறுகளுக்குரியது. அதன் முட்டைகளைப் பாசியில் பொதிந்து, பனிக்கட்டியால் குளிரூட்டிக் கப்பலில் அனுப்பும் முறை 1864இல் இங்கிலாந்திலிருந்து தஸ்மேனியாவுக்குச் சென்ற பயணத்தில் வெற்றி கண்டது. அதன் பின்னர் பிரித்தானியர் தாம் குடியேறிய மலைநாடுகள் பலவற்றுக்கும் இம்மீனைக் கொண்டு சென்றனர். நுவரெலியாவுக்குப் பழுப்பு டிரவுட் 1880களில் வந்தது. ஆனால் அது இங்கே நிலையாக இனம் பெருகவில்லை. அந்நூற்றாண்டின் முடிவையொட்டி, வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட் கொண்டுவரப்பட்டது. ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் அது தானாகவே முட்டையிட்டுப் பெருகியது. 1896இல் நுவரெலியாவில் இலங்கை மீன்பிடிக் கழகம் தொடங்கப்பட்டது. பொரிப்பகத்தில் வளர்த்த குஞ்சுகளைச் சுற்றியுள்ள மலை ஓடைகளில் விட்டு, துரைமார் வாரவிடுமுறைகளில் தூண்டிலோடு வந்தனர்.

நீலகிரியின் கதையும் இதை ஒத்ததே. 1860களில் பிரான்சிஸ் டே என்பவர் அங்கே டிரவுட்டைக் கொண்டுவர எடுத்த முயற்சிகள் நிலைக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எச். சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து வெற்றி பெற்றார். அவர் தருவித்த முட்டைகளில் இலங்கையிலிருந்து போனவையும் இருந்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின்னர் நம் உறவினர் பலர் போய்ச் சேர்ந்ததும் அதே நீலகிரிக்குத்தான்.

ஒரு மீனின் முட்டை வழியில் வாடிவிடாதிருக்கப் பனிக்கட்டி தேடினார்கள். 1820கள் தொடங்கிக் கோப்பிக்கும், பிறகு தேயிலைக்கும் அழைத்து வரப்பட்ட நம் முன்னோரோ மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் பலர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய மக்களில் எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் வழி பிறந்தது. இதற்காக மீனைப் பழித்துப் பயனில்லை. ஆயினும் ஓடையைத் தமக்குரியதென்று கருதியவர்கள் யார், அந்த ஓடையின் தண்ணீரைக் குடித்து வாழ்பவர்கள் யார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

பூச்சி கட்டும் கலை

மண்புழுவைக் கோத்து, ஈயக்குண்டு கட்டி எறிவதுதான் நம்மில் பலருக்கும் தெரிந்த தூண்டில். அதில் குண்டின் பாரம் நூலை இழுத்துச் செல்கிறது. பொய்ப் பூச்சிக்குப் பாரமே கிடையாது. ஆகவே இம்முறையில் நூலையே பாரமாகச் செய்திருக்கிறார்கள். தடியைப் பின்னும் முன்னும் வீசும்போது தடித்த நூல் சாட்டைபோல் விரிந்து, நுனியிலுள்ள மெல்லிய தங்கூசியையும் பூச்சியையும் தண்ணீர்மேல் மெதுவாக இறக்குகிறது.

இது மிகப் பழைய தொழில். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்னர் ஏலியன் என்ற ரோம எழுத்தாளர், மக்கெதோனிய நாட்டு ஆறொன்றில் மக்கள் தூண்டில் முள்ளில் செந்நிறக் கம்பளியையும் சேவல் இறகையும் கட்டிப் புள்ளி மீன்களைப் பிடித்ததைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அன்றைய மூலப்பொருட்களே இன்றும் பயன்படுகின்றன.

பொய்ப் பூச்சிகளைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம். தண்ணீர்மேல் மிதப்பவை ஒரு வகை. சிறகு முளைத்துப் பறக்கத் தயாராகும் பூச்சியை அவை ஒத்திருக்கும். தண்ணீருக்குள் அமிழ்ந்து ஓடுபவை இரண்டாம் வகை. மூழ்கிய பூச்சியாகவோ சிறுமீனாகவோ அவை தோன்றும். அடித்தளத்துக் கற்களை ஒட்டி வாழும் இளம்புழுவை ஒத்தவை மூன்றாம் வகை. எது சிறந்தது என்பது பற்றி இங்கிலாந்தில் பெரிய விவாதமே நடந்தது. 1886இல் நூல் வெளியிட்ட ஹால்ஃபோர்ட் மிதக்கும் பூச்சியையே உயர்வாகப் போற்றினார். 1910இல் நூல் வெளியிட்ட ஸ்கியூஸ் என்பவரோ, டிரவுட் தன் உணவில் பெரும்பகுதியை நீருக்குள்ளேயே தேடிக்கொள்கிறது என்பதை எடுத்துக் காட்டினார். நம் பெரியவர் கல்லைப் புரட்டிக் கண்ட உண்மையும் அதுவே.

இறகின் குணம் பூச்சியின் குணமாகிறது. முதிர்ந்த சேவலின் கழுத்திறகு விறைப்பானது, எளிதில் நனையாது, அதை முள்ளைச் சுற்றிக் கட்டினால் பூச்சி மிதக்கும். பெட்டைக் கோழியின் இறகு மென்மையானது; தண்ணீரை உறிஞ்சி அமிழும்; நீரோட்டத்தில் அசைந்து உயிருள்ள பூச்சியின் கால்களைப்போல் துடிக்கும். மயிற்பீலியின் இழையைச் சுற்றினால் பச்சையும் வெண்கலமும் கலந்த மினுக்கம் வரும்; கோச்மேன் என்ற புகழ்பெற்ற பூச்சிக்கு உடல் இதுவே. முயல் ரோமம், ஆட்டு ரோமம், கம்பளி நூல், மெல்லிய செப்புக் கம்பி ஆகியனவும் பயன்படும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தென்னிந்தியச் சாம்பற் காட்டுக்கோழியின் கழுத்திறகில் மெழுகு வார்த்தாற்போன்ற வெண்புள்ளிகள் இருக்கும். ஐரோப்பியத் தூண்டிற்காரர் அவற்றை மிக விரும்பியதால் அப்பறவைகள் பெருந்தொகையில் கொல்லப்பட்டன. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இன்று அது பாதுகாக்கப்பட்ட பறவை. நம் நாட்டின் தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழிக்கு அத்தகைய புள்ளிகள் இல்லை. அதுவும் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. முற்றத்துச் சேவல் உதிர்க்கும் இறகே நமக்குப் போதும்.

ஒன்றை மட்டும் மாற்று

பெரியவரிடம் நான் கற்றவற்றில் முதன்மையானது அவர் பூச்சிகளைச் சோதித்த முறை. மீன் எடுக்காவிட்டால் உடனே வேறொரு பூச்சிக்குத் தாவ மாட்டாராம். முதலில் அதே பூச்சியைச் சற்று ஆழத்தில் ஓடவிடுவார். அதற்கும் மீன் வரவில்லையென்றால் அதே நிறத்தில் இன்னும் சிறிய பூச்சி. அதற்குப் பிறகுதான் நிறத்தை மாற்றுவது. "எல்லாத்தையும் ஒண்ணா மாத்திப்புட்டா எதுக்கு மீனு வந்துச்சுன்னு எப்பிடிங்க தெரியும்?" என்று கேட்டார். விஞ்ஞானக் கூடங்களில் மாணவருக்குப் புகட்டப்படும் விதியும் இதுதான்.

மீனின் வழக்கங்களையும் அவர் அறிந்து வைத்திருந்தார். டிரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும். ஆகவே பின்புறமாக, கீழிருந்து மேல்நோக்கி அணுக வேண்டும். நம் நிழல் தண்ணீரில் விழக் கூடாது. மழைவிட்ட மாலையில் ஈசல் கிளம்பினால், மீன் அடித்தளத்தை மறந்து மேலே வரும். அன்றைக்கு மிதக்கும் பூச்சி. தேயிலைச் செடியிலிருந்தும் கரையோரப் புல்லிலிருந்தும் காற்றில் எறும்பு விழும் நண்பகலில் கறுப்பு நூலில் கட்டிய சிறு பூச்சி. பிடித்த மீனைக் கழுவும்போது குடலைக் கீறி, அது தின்றிருப்பது என்னவென்று பார்ப்பதும் அவர் வழக்கம்.

இங்கே இங்கிலாந்தின் ஃபிராங்க் சாயர் நினைவுக்கு வருகிறார். வில்ட்ஷயர் மாவட்டத்தின் ஏவன் ஆற்றைப் பராமரிக்கச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட தொழிலாளி அவர். மற்றவர்கள் மீன்பிடிக்கும் ஆற்றில் களை வெட்டி, கரை திருத்தி, நாள்தோறும் பூச்சிகளைக் கவனித்து வந்தார். நூலுக்குப் பதிலாக மெல்லிய செப்புக் கம்பியையும், ஃபெசன்ட் பறவையின் வால் இறகையும் மட்டுமே கொண்டு ஒரு நீர்ப்புழுவைக் கட்டினார். கம்பியின் பாரத்தால் அது விரைவில் ஆழம் போயிற்று. 1958இல் அவர் எழுதிய நூல் வெளிவந்தது. இன்று உலகெங்கும் டிரவுட் ஓடைகளில் அவருடைய பூச்சி பயன்படுகிறது.

ஜப்பானின் மலைக்கிராமங்களில் தென்காரா என்ற முறை உண்டு. நீண்ட தடி, ஒரு நூல், ஒரு பூச்சி. ரீல் கூடக் கிடையாது. பிழைப்புக்காக மீன்பிடித்து விற்ற மலைவாசிகளின் முறை அது. அவர்களில் பலர் பூச்சியை மாற்றுவதைவிட அதை அசைக்கும் விதத்தை மாற்றியே மீன் பிடித்தனர். பணக்காரரின் பொழுதுபோக்கு என்று நாம் எண்ணும் கலையில் ஏழைத் தொழிலாளியின் அறிவு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதற்கு இவை சான்று. இன்றுங்கூட மேலைநாட்டுக் கடைகளில் விற்கும் பொய்ப் பூச்சிகளில் பெரும்பகுதி கென்யா, தாய்லாந்து, இலங்கை முதலிய நாடுகளின் தொழிலாளர், சிறப்பாகப் பெண்கள், கையால் கட்டியவையே. சாயரின் பெயர் நூலில் நிற்கிறது. நம் பெரியவரின் அறிவு பிஸ்கட் தகரத்தில் துருப்பிடித்துக் கிடக்கிறது.

கல்லைப் புரட்டிய பிள்ளைகள்

அந்தத் தகரத்தைப் பார்த்த பிறகு எமக்கு ஒரு யோசனை தோன்றியது. தோட்டத்து இளைஞர் மன்றப் பிள்ளைகளோடு பெரியவரையும் அழைத்துக்கொண்டு ஓடைக்குச் சென்றோம். பழைய நுளம்பு வலைத் துண்டு ஒன்றை இரு கம்புகளில் கட்டி நீரோட்டத்துக்குக் குறுக்கே பிடித்தோம். வலைக்கு மேற்புறமுள்ள கற்களைக் காலால் கிளறி, வலையில் ஒதுங்கியவற்றை வெள்ளைப் பீங்கானில் கொட்டிப் பார்த்தோம்.

காட்டோரமாக ஓடை இறங்கும் இடத்தில் பீங்கான் முழுவதும் உயிர்த்துடிப்பு. மூன்று வால்களை நீட்டிக்கொண்டு ஓடிய மேஃபிளைப் புழுக்கள் இருந்தன. இவை நீருக்குள் நெடுநாள் வளர்ந்து, சிறகு முளைத்த பின் ஓரிரு நாளில் மடிந்துவிடுபவை. இரண்டு வால் கொண்ட ஸ்டோன்ஃபிளைப் புழுவொன்றும் அகப்பட்டது. மணலையும் சருகையும் ஒட்டித் தனக்கொரு வீடு கட்டிக்கொள்ளும் கெடிஸ் புழுவைக் கண்ட பிள்ளைகள், "இதுக்கும் லயக் காம்பரா இருக்கு பாதர்" என்றார்கள்.

அங்கிருந்து கீழே, மரக்கறித் தோட்டங்களைக் கடந்து ஓடை லயத்துப் பக்கம் வரும் இடத்தில் மறுபடியும் வலை பிடித்தோம். கற்களின்மேல் வழுவழுப்பான பாசி, இடுக்குகளில் சேறு. பீங்கானில் விழுந்தவை சில செந்நிறப் புழுக்கள் மட்டுமே. பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்க காலத்துல இந்த எடத்துலதான் மீனு நெறைய நிக்கும்" என்றார்.

இதன் பொருளை விளக்க வேண்டும். மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை, கெடிஸ் ஆகிய மூன்றின் புழுக்களும் தூய்மையான, உயிர்வாயு நிறைந்த ஓடும் நீரை வேண்டுபவை. அழுக்கும் கிருமிநாசினியும் கலந்தால் அவற்றுள் பெரும்பாலானவை முதலில் அழியும். செந்நிறப் புழுக்களோ உயிர்வாயு குறைந்த சேற்றிலும் வாழும். இதனால்தான் உலகின் பல நாடுகளில் ஆற்று நீரின் நலத்தை அளப்பவர்கள் இப்பூச்சிகளை எண்ணிக் கணக்கெடுக்கிறார்கள். டிரவுட்டின் நிலையும் அத்தகையதே. குளிர்ந்த நீரே அதற்கு வேண்டும். ஏறத்தாழ 25 பாகை செல்சியசைத் தாண்டினால் அதற்கு உயிராபத்து. அதன் முட்டைகள் சரளைக் கற்களுக்கிடையே கிடப்பவை. மேட்டிலிருந்து அரித்து வரும் மண் படிந்தால் மூச்சுமுட்டி அழிகின்றன. கரைமரங்களை வெட்டினால் நிழல் போகும், நீர் சூடேறும். சரிவை வெறுமையாக்கினால் மண் இறங்கும்.

குற்றவாளியைத் தேடினால்...

மருந்தடித்தவர்கள் எவரோ அந்நியர் என்று பிள்ளைகள் முதலில் எண்ணினார்கள். விசாரித்தபோதுதான் தெரிந்தது, லயத்துக்குப் பக்கத்துக் காணித்துண்டுகளில் லீக்சும் உருளைக்கிழங்கும் போட்டிருந்தவர்களில் பெரும்பாலோர் அவர்களுடைய சொந்தப் பெற்றோரும் மாமன்மாரும் என்பது. கொழுந்துப் பணத்தில் குடும்பம் நடத்த முடியாததால், பிரட்டு முடிந்த பிறகும் ஞாயிறுகளிலும் மண்ணைக் கொத்துபவர்கள். பூச்சி விழுந்த லீக்சை வாங்க ஆளில்லை. கடன் வாங்கிப் பசளை போட்டவர் மருந்தடிக்காமல் இருக்கத் துணிவாரா?

அன்றைய கூட்டத்தில் குரல்கள் உயர்ந்தன. "மீனுக்காக எங்க வயித்துல அடிக்கிறீங்களா?" என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. அப்போது ஒரு சிறுமி இரு பீங்கான்களையும் கொண்டுவந்து எல்லோர் முன்னும் வைத்தாள். "அம்மா, கீழ உள்ள தண்ணியிலதான் நம்ம பீலிக்கு வருது" என்றாள். அதன் பின்னர் பேச்சு மீனைப் பற்றியதாக இருக்கவில்லை.

பெரிய வெற்றி எதுவும் கிட்டிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். மருந்து கரைக்கும் பீப்பாயை ஓடைக்கரையிலிருந்து மேட்டுக்கு மாற்றினார்கள். மருந்துப் போத்தலையும் தெளிகருவியையும் ஓடையில் கழுவுவதில்லை என்று முடிவு செய்தார்கள். கரையோரமாகச் சில அடி அகலத்துக்குப் புல்லும் செடியும் வளரவிட இணங்கினார்கள். ஓரிருவர் இன்றுவரை இணங்கவில்லை. லயங்களின் கழிவுநீர் பற்றி நிர்வாகத்திடம் கொடுத்த மனு இன்னமும் மேசையில் கிடக்கிறது. ஆயினும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகள் வலை பிடித்துப் பார்த்து, கண்டதைக் கொப்பியில் குறித்து வருகிறார்கள். கடைசியாகப் பார்த்தபோது கீழ்ப்பகுதிப் பீங்கானில் இரண்டு மேஃபிளைப் புழுக்கள் இருந்தன. இரண்டே இரண்டுதான்.

நம் தோட்டங்களில் செய்யக்கூடியவை

வாசகர்களே, இதைச் செய்து பார்க்க விரும்புவோர் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, பூச்சி நிறைந்த ஓடையிலும் நோய்க்கிருமி இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத கிருமியை இந்தச் சோதனை காட்டாது. பீங்கான் எதைச் சொன்னாலும் குடிநீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

இரண்டாவது, ஓடையில் இரண்டு இடங்களைத் தெரிவு செய்யுங்கள். ஒன்று குடியிருப்புக்கும் பயிருக்கும் மேலே, மற்றது கீழே. ஒரே நாளில், ஒரே அளவு நேரம் வலை பிடியுங்கள். வேறுபடுவது இடம் ஒன்றாக மட்டும் இருக்கட்டும். பெரியவரின் விதி இங்கும் பொருந்தும். பெருமழைக்கு அடுத்த நாள் பார்க்க வேண்டாம்; வெள்ளம் புழுக்களை அடித்துச் சென்றிருக்கும். பார்த்து முடிந்ததும் அவற்றை ஓடையிலேயே விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, எல்லா ஓடையிலும் டிரவுட்டை விட வேண்டும் என்று எவரும் எண்ண வேண்டாம். அது ஊன் உண்ணும் வெளிநாட்டு மீன். ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளில் உலகில் வேறெங்கும் காணப்படாத சிறு நன்னீர் இறால் ஒன்று வாழ்கிறது. அதற்கு டிரவுட் ஓர் அச்சுறுத்தல் என்று கருதப்படுகிறது. அச்சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அங்கே தூண்டில் போடும் எண்ணம் வேண்டாம். மற்ற இடங்களிலும் உரியவர்களின் அனுமதியைக் கேட்டறிந்தே மீன்பிடிக்க வேண்டும்.

நான்காவது, நம் முதியவர்களிடம் கேளுங்கள். எந்த ஊற்று கோடையிலும் வற்றாது, எந்தக் கரையில் எந்த மரம் நின்றது, எந்த மாதத்தில் எந்தப் பூச்சி பறந்தது என்பதையெல்லாம் அறிந்தவர்கள் அவர்கள். துரைமாரின் நாட்குறிப்புகள் நூல்களாகியிருக்கின்றன. கூடை சுமந்தவர்களின் அறிவை எழுதி வைக்க நம் பிள்ளைகளின் கொப்பியைத் தவிர வேறு இடமில்லை.

சென்ற முறை போனபோது பெரியவர் வாசலில் அமர்ந்து, அந்தச் சிறுமிக்குப் பூச்சி கட்டக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய கை நடுங்கியது. முள்ளை அவள் பிடித்துக்கொள்ள, அவர் நூலைச் சுற்றினார். மேஃபிளைப் புழுவுக்கு மூன்று வால் வைக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். அவர் இரண்டு வைத்திருந்தார். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "புள்ள சொல்றது சரிதான்" என்று நூலை அவிழ்க்கத் தொடங்கினார்.